ஈஎம்எஸ் பங்குகள்: டெக் துறை சறுக்கினால் உங்க பணத்துக்கு என்ன ஆகும்?



கடந்த சில மாதங்களாக எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. "சார், ஐபோனே இப்போ நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல தயாராகுது. அப்போ எலக்ட்ரானிக்ஸ் தயாரிக்கிற கம்பெனி பங்குகளை வாங்கிப் போட்டா பத்து வருஷத்துல செட்டில் ஆகிடலாம்ல?"

கேட்பவர்களில் பாதிப் பேர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். வயது 25-லிருந்து 32-க்குள். அதனால்தான் இதை வெறும் பங்கு விஷயமாக எடுத்துக்கொள்ளாமல், உங்க சம்பளத்தோடு சேர்த்து யோசிக்கணும்னு இந்தப் பதிவை எழுதுறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். ஈஎம்எஸ், அதாவது மற்ற பிராண்டுகளுக்காக ஒப்பந்த அடிப்படையில் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனிகள், மோசமான பிசினஸ் கிடையாது. ஆனா அவை டெக் கம்பெனிகளும் கிடையாது. ரொம்ப மெல்லிய லாபத்தில் ஓடும், ஏற்ற இறக்கம் அதிகமுள்ள உற்பத்தி பிசினஸ். டெக் துறை வளரும்போது கிடைக்கும் பலனில் இவங்களுக்கு வருவது சின்னப் பங்குதான். டெக் துறை சறுக்கும்போது விழும் அடியில் இவங்க பங்கு பெருசு. மாசச் சம்பளம் வாங்கும் ஒருவர் இதில் எவ்வளவு போடலாம் என்பதற்கு இந்த ஒரு விஷயம்தான் அடிப்படை.

முதல்ல ஒரு சின்னத் தெளிவு

நம்ம ஊரில் ஐபோன் தயாரிப்பது ஃபாக்ஸ்கான், டாடா எலக்ட்ரானிக்ஸ் போன்றவர்கள். ஃபாக்ஸ்கானின் தாய் நிறுவனமான ஹான் ஹாய் பட்டியலிடப்பட்டிருப்பது தைவான் சந்தையில். டாடா எலக்ட்ரானிக்ஸ் நம்ம சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. நீங்க இங்கே வாங்கக்கூடியது டிக்ஸன், கேன்ஸ், சிர்மா எஸ்ஜிஎஸ், அவலான், சையன்ட் டிஎல்எம், ஆம்பர் போன்ற கம்பெனிகள். ஒவ்வொன்றும் வேற வேற பொருள், வேற வேற வாடிக்கையாளர். "ஐபோன் இங்கே தயாராகுது" என்ற ஒரு செய்தியை வைத்து இந்தப் பங்குகளை வாங்குவது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைச்சதுக்கு நம்ம வீட்ல பாயசம் வைக்கிற மாதிரி.

அடுத்தது, லாபம். ஹான் ஹாய் 2023-ல் விற்றது சுமார் 6.16 லட்சம் கோடி தைவான் டாலர். நிகர லாபம் சுமார் 14,200 கோடி தைவான் டாலர். அதாவது 100 ரூபாய்க்கு விற்றால் 2 ரூபாய் 30 காசு. உலகத்திலேயே பெரிய ஈஎம்எஸ் கம்பெனியின் நிலைமை இது. நம்ம டிக்ஸன் 2023-24-ல் விற்றது சுமார் 17,690 கோடி ரூபாய், லாபம் சுமார் 375 கோடி. அதுவும் 100-க்கு 2 ரூபாய் சொச்சம்தான். ஒரு பெரிய ஐ.டி. சர்வீசஸ் கம்பெனி 100-க்கு 15-லிருந்து 20 ரூபாய் வரை லாபம் பார்க்கும். இரண்டையும் "டெக்" என்ற ஒரே டப்பாவில் போடாதீங்க.

கல்யாண சமையல் கணக்கு

இந்த பிசினஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை மாவு மில் மாதிரி. அரிசி உங்களுடையது, அரைச்சுக் கொடுத்தா கூலி. வாடிக்கையாளரே உதிரிபாகங்களை அனுப்பிவிடுவார், கம்பெனி பொருத்திக் கொடுத்து கூலி வாங்கும். ரிஸ்க் கம்மி.

இரண்டாவது வகை கல்யாண சமையல் கான்ட்ராக்ட் மாதிரி. பெண் வீட்டார் "ஆயிரம் பேர் வருவாங்க" என்று சொல்கிறார்கள். சமையல்காரர் தன் காசிலோ கடனிலோ காய்கறி, மளிகை, பால் எல்லாம் வாங்கி வைக்கிறார். முகூர்த்தத்துக்கு 600 பேர்தான் வந்தார்கள். மீதி 400 பேருக்கு வாங்கிய சாமான் யார் கணக்கு?

ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் பெண் வீட்டார் கணக்கு. ஆனா அடுத்த மாசம் அவங்க வீட்டிலேயே வளைகாப்பு ஆர்டரும் இருக்கிறது என்றால், சமையல்காரர் சண்டை போடுவாரா? பாதியை அவரே ஏத்துக்குவார்.

ஈஎம்எஸ் கம்பெனியிலும் இதேதான் நடக்கிறது. பிராண்டு கம்பெனி உறுதியாகத் தருவது அடுத்த ஒன்றிரண்டு மாச ஆர்டர்தான். அதுக்கு மேல எல்லாம் உத்தேசக் கணக்கு. ஆனா தட்டுப்பாடு காலத்தில் சில சிப்களை ஆர்டர் போட்டால் கைக்கு வர ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகும். 2021-22-ல் கார் டெலிவரிக்கு மாசக்கணக்கில் காத்திருந்தது ஞாபகம் இருக்கா? அந்த இடைவெளியை ஈஎம்எஸ் கம்பெனி தன் பேலன்ஸ் ஷீட்டில்தான் தாங்குகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. தட்டுப்பாடு வந்தால் எல்லாரும் தேவைக்கு மேல ஆர்டர் போடுவார்கள். தீபாவளிக்கு பஸ் டிக்கெட் கிடைக்காதுன்னு மூணு ஆப்ல புக் பண்ணி, கடைசில ரெண்டை கேன்சல் பண்ற மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் டிமாண்ட் மூணு மடங்கு தெரியும். நிஜத்தில் ஒரு சீட்டுதான். "ஆர்டர் புக் வரலாறு காணாத உச்சம்" என்று செய்தி வரும்போது, அதில் எத்தனை சீட்டு கேன்சல் ஆகப் போகுதுன்னு கம்பெனிக்கே தெரியாது.

ஆர்ட்டிகிள்ஷிப் படிக்கும்போது ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு வருஷக் கடைசியில் ஸ்டாக் எண்ணப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஸ்டோரில் ரீல் ரீலாக உதிரிபாகங்கள். ஒரு ரேக் முழுக்க ஒரே வாடிக்கையாளர் பெயர் ஒட்டியிருந்தது. மேலே தூசி. "இது எப்போ போகும்?" என்று ஸ்டோர் கீப்பர் அண்ணனிடம் கேட்டேன். "அந்த மாடலே நிறுத்திட்டாங்க தம்பி" என்றார். கணக்குப் புத்தகத்தில் மட்டும் அது வாங்கின விலைக்கு அப்படியே இருந்தது. கையிருப்புச் சரக்கை வாங்கிய விலை, விற்றால் கிடைக்கக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்டணும் என்பது கணக்கியல் விதி. அந்த ரேக்குக்காக எங்க சீனியர் இரண்டு நாள் வாதாடினார். லாபக் கணக்கு என்பது அந்தத் தூசி படிந்த ரேக்குக்கு என்ன மதிப்பு போடுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

விற்பனை 20% குறைந்தால்?

ஒரு கற்பனை கம்பெனியை எடுத்துக்குவோம். நீங்களே பேப்பர், பேனா வைத்துப் போட்டுப் பாருங்க.

நல்ல வருஷம்: விற்பனை 1,000 கோடி. உதிரிபாகச் செலவு 850 கோடி. சம்பளம், வாடகை, கரன்ட், தேய்மானம் எல்லாம் சேர்த்து 100 கோடி. வட்டி 15 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 35 கோடி.

டெக் துறை சறுக்கிய வருஷம்: விற்பனை 20% குறைந்து 800 கோடி. உதிரிபாகச் செலவும் அதே விகிதத்தில் குறைந்து 680 கோடி. ஆனா ஃபேக்டரி வாடகையும் மெஷின் தேய்மானமும் குறையாது. கஷ்டப்பட்டு 100-ஐ 95 ஆக்குகிறார்கள். வட்டி அதே 15. மிச்சம் 10 கோடி.

விற்பனை குறைந்தது 20%. லாபம் குறைந்தது 71%.

இதோட முடியல. 200 கோடி சரக்கு கையில் இருந்து, அதில் 5% விற்காது என்று எழுதித் தள்ளினால் 10 கோடி காலி. லாபம் பூஜ்யம்.

இப்போ சந்தை மதிப்பைப் பாருங்க. நல்ல வருஷத்தில் வரி போக லாபம் சுமார் 26 கோடி. சந்தை உற்சாகத்தில் 60 மடங்கு பி.இ. கொடுத்தால் மதிப்பு சுமார் 1,575 கோடி. கெட்ட வருஷத்தில், ஸ்டாக் எழுதித் தள்ளுவதைச் சேர்க்காமலே, வரி போக லாபம் 7.5 கோடி. பயத்தில் பி.இ. 30 ஆகிவிட்டால் மதிப்பு 225 கோடி. சரிவு 86%. கம்பெனி திவாலாகவில்லை, மோசடி நடக்கவில்லை, லாபத்தில்தான் இருக்கிறது. ஆனா உங்க 1 லட்சம் 14,000 ரூபாய் ஆகிவிட்டது.

நம்ம சந்தையில் சில ஈஎம்எஸ் பங்குகள் 100 மடங்கு பி.இ.க்கும் மேல் போனதைப் பார்த்திருக்கிறோம். 60 என்பது நான் மிகைப்படுத்திச் சொன்ன எண் இல்லை.

இது நிஜத்தில் நடந்திருக்கா?

நடந்திருக்கு. சொலெக்ட்ரான் என்ற பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கலிஃபோர்னியாவின் மில்பிடாஸ் ஊரைச் சேர்ந்த கம்பெனி. தரத்துக்காக அமெரிக்காவில் கொடுக்கப்படும் மால்கம் பால்ட்ரிஜ் விருதை 1991, 1997 என்று இரண்டு தடவை வாங்கியது. 2000-ல் உலகின் மிகப் பெரிய ஈஎம்எஸ் கம்பெனிகளில் ஒன்று. அப்போ இன்டர்நெட் காய்ச்சல். நெட்வொர்க் கருவிகளுக்கு வெறித்தனமான டிமாண்ட். சொலெக்ட்ரான் பங்கு 50 டாலரைத் தாண்டியது.

2001-ல் டெலிகாம் செலவுகள் திடீரென்று நின்றன. சிஸ்கோ மட்டுமே 2 பில்லியன் டாலருக்கும் மேல் சரக்கை எழுதித் தள்ளியது. சிஸ்கோ, நார்டெல், எரிக்சன் போன்றவர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்த ஈஎம்எஸ் கம்பெனிகளின் கிடங்குகளில் உதிரிபாகங்கள் குவிந்து கிடந்தன. ஒரே டெலிகாம் திட்டத்துக்கு நாலு பிராண்டுகள் போட்டி போட்டிருக்கும். நாலு பேருமே ஆர்டர் நமக்குத்தான் என்று நம்பி உதிரிபாகம் வாங்கச் சொல்லியிருப்பார்கள். கடைசியில் ஆர்டர் கிடைப்பது ஒருவருக்குத்தான்.

சொலெக்ட்ரானின் விற்பனை 2001 நிதியாண்டில் சுமார் 18.7 பில்லியன் டாலர். அடுத்த ஆண்டு சுமார் 12.3 பில்லியன். அந்த ஓராண்டில் நஷ்டம் 3 பில்லியன் டாலருக்கும் மேல். பெரும்பகுதி, முன்பு அதிக விலை கொடுத்து வாங்கிய கம்பெனிகளுக்கான நற்பெயர் மதிப்பை எழுதித் தள்ளியது. 2002-ல் பங்கு விலை 2 டாலருக்கும் கீழே போனது.

முக்கியமான விஷயம் இதுக்கு அப்புறம்தான். உலக எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தி மறுபடி வளர்ந்தது. செல்போன் வந்தது, ஸ்மார்ட்போன் வந்தது. ஆனா சொலெக்ட்ரான் பங்கு திரும்ப எழவே இல்லை. 2007-ல் ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் அதை வாங்கியபோது, ரொக்கமாகக் கேட்ட பங்குதாரர்களுக்கு ஒரு பங்குக்கு 3.89 டாலர் என்று விலை வைத்தது. 50-க்கு மேல் வாங்கியவர் ஏழு வருஷம் பொறுமையாக இருந்து பெற்றது அவ்வளவுதான். "லாங் டெர்ம்ல எல்லாம் சரியாகிடும்" என்று சொல்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்க.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லணும். கனடாவின் செலெஸ்டிகா, ஐபிஎம்மிலிருந்து பிரிந்து வந்த கம்பெனி. அதுவும் 2001-ல் அடி வாங்கி, ரொம்ப வருஷம் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தது. 2022-ல் சுமார் 10 டாலரில் இருந்த பங்கு, ஏஐ டேட்டா சென்டர் டிமாண்ட் வந்ததும் பல மடங்கு ஏறியது. ஆக, இந்தத் துறையில் பணம் பண்ணவே முடியாது என்று நான் சொல்லவில்லை. யாரும் பேசாத நேரத்தில் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது. எல்லாரும் பேசும் நேரத்தில் வாங்கியவர்கள் கொடுத்தார்கள்.

நம்ம ஊர்க் கணக்கு

ரொம்ப தூரம் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஃபேக்டரி 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1-ம் தேதி நின்றது. வரிப் பிரச்னை, மைக்ரோசாஃப்ட் வாங்கும்போது இந்த ஃபேக்டரியைச் சேர்க்காமல் விட்டது, நோக்கியா போனின் வீழ்ச்சி என்று பல காரணங்கள். ஆனா அதே வளாகத்தில் நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் யூனிட்டும் அடுத்த மாசமே உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது என்றால் என்ன என்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னும் சமீபத்திய உதாரணம், சென்னையைச் சேர்ந்த அவலான் டெக்னாலஜிஸ். 2023 ஏப்ரலில் ஐபிஓ வந்தது. கொரோனா கால தட்டுப்பாட்டில் அமெரிக்க வாடிக்கையாளர்கள் அதிகமாக வாங்கிக் குவித்திருந்தார்கள். பிறகு, முதலில் இருக்கிற சரக்கைத் தீர்ப்போம் என்று புது ஆர்டரைக் குறைத்தார்கள். விற்பனை 2022-23-ல் சுமார் 945 கோடி, 2023-24-ல் சுமார் 867 கோடி. குறைந்தது 8%தான். லாபம்? சுமார் 52 கோடியிலிருந்து 28 கோடி. கிட்டத்தட்ட பாதி. மேலே நான் போட்ட கற்பனைக் கணக்கு கற்பனை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. அடுத்த வருஷமே விற்பனை 1,000 கோடியைத் தாண்டி, லாபமும் மீண்டு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்றேன். கம்பெனி மேல தப்பு இல்லை. பிசினஸோட சுபாவமே அப்படி.

"இந்தியா கதையே வேற சார்!"

இதுதான் வழக்கமான பதில். சீனாவுக்கு மாற்று தேடுகிறார்கள், அரசு ஊக்கத்தொகை கொடுக்கிறது, உள்நாட்டு டிமாண்ட் இருக்கிறது. எல்லாமே உண்மை. நான் மறுக்கவில்லை.

ஆனா இரண்டு விஷயம் யோசிங்க.

ஒன்று, ஊக்கத்தொகை. 2020-ல் வந்த மொபைல் போனுக்கான பி.எல்.ஐ. திட்டம், கூடுதல் விற்பனையில் 4-லிருந்து 6% வரை கொடுத்தது. மேலே சொன்னேன், இந்த பிசினஸில் நிகர லாபமே 2-3%. அதாவது ஊக்கத்தொகையே லாபத்தைவிடப் பெருசு. திட்டம் முடிந்த பிறகு வாடிக்கையாளர் அதே விலை கொடுப்பாரா, கம்பெனி வேற வகையில் சமாளிக்குமா என்பதுதான் கேள்வி. உங்க சம்பளத்தில் பாதி "ஸ்பெஷல் அலவன்ஸ்", அது சில வருஷத்துக்கு மட்டும்தான் என்றால், அதை நம்பி 20 வருஷ வீட்டுக் கடன் வாங்குவீங்களா? பி.இ. 80-க்குப் பங்கு வாங்குவது அதுதான்.

இரண்டு, துறை வளர்வதும் பங்குதாரர் பணம் பண்ணுவதும் வேற வேற. வளர்ச்சிக்குப் புது ஃபேக்டரி வேணும், அதிக சரக்கு வேணும், கடன் வேணும் அல்லது புதுப் பங்கு வெளியிட வேணும். வளர வளரக் கையில் இருக்கும் ரொக்கம் குறைந்துகொண்டே போகும் விசித்திரமான பிசினஸ் இது. சறுக்கல் வரும்போது தலைகீழ். விற்பனை குறைவதால் சரக்கும் பாக்கியும் கரைந்து ரொக்கம் உள்ளே வரும், ஆனா லாப நஷ்டக் கணக்கில் நஷ்டம் தெரியும். அதனாலதான் லாபத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இந்தத் துறையில் தப்பான நேரத்தில் வாங்கி, தப்பான நேரத்தில் விற்கிறார்கள்.

இப்போ உங்க சம்பளத்துக்கு வருவோம்

ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் 28 வயது ஒருவரை எடுத்துக்குவோம். முதலீடு மொத்தம் 8 லட்சம். அதில் 3 லட்சம் ஈஎம்எஸ் பங்குகள், 2 லட்சம் தன் அமெரிக்கக் கம்பெனி கொடுத்த பங்கு, மீதி மியூச்சுவல் ஃபண்ட். மாசம் 25,000 ரூபாய் இஎம்ஐ.

அமெரிக்காவில் டெக் செலவு குறைகிறது. என்ன நடக்கும்? ஈஎம்எஸ் பங்குகள் 70% விழுந்தால் 3 லட்சம் 90,000 ஆகும். கம்பெனி கொடுத்த பங்கும் பாதியாகும். அதே ஆறு மாசத்தில் போனஸ் கட், இன்க்ரிமென்ட் இல்லை, டீமில் ஆள் குறைப்பு. வேலை போனால் இஎம்ஐ கட்ட எதை விற்பார்? 90,000 ஆகிப்போன அந்த 3 லட்சத்தைத்தான்.

நல்ல கம்பெனியைத்தான் வாங்கியிருந்தார். ஆனா காத்திருக்க அவகாசமே இல்லை. ஒரே மழையில் வயலும் போச்சு, விதை நெல்லும் போச்சு என்ற கதை. உங்க சம்பளம் ஏற்கனவே டெக் துறையில் போட்ட மிகப் பெரிய முதலீடு. அதே துறையின் மேல இன்னொரு பந்தயம் எதுக்கு?

இதே கேள்வியை ஓர் அரசு ஊழியரோ, பள்ளி ஆசிரியரோ கேட்டால் என் பதில் கொஞ்சம் தளர்வாக இருக்கும். அவங்க சம்பளம் சிலிக்கான் வேலியைப் பார்த்து ஆடாது.

வாங்கியே தீரணும்னா எதைப் பார்க்கணும்?

ஆண்டறிக்கை 300 பக்கம் இருக்கும். எல்லாம் படிக்க வேண்டாம். இந்த ஐந்து இடங்களைப் பாருங்க.

1. விகிதங்களுக்கான குறிப்பு. 2021-22 முதல் ஒவ்வொரு கம்பெனியும் சரக்கு சுழற்சி, வரவேண்டிய பாக்கி சுழற்சி போன்ற விகிதங்களை நிதிநிலை அறிக்கையின் குறிப்பில் கொடுத்தே ஆகணும். 25%-க்கு மேல் மாறினால் காரணமும் எழுதணும். விற்பனையைவிட வேகமாகச் சரக்கு ஏறினால், அந்தத் தூசி படிந்த ரேக்கை நினைச்சுக்குங்க.

2. பெரிய வாடிக்கையாளர் குறிப்பு. மொத்த வருமானத்தில் 10% அல்லது அதுக்கு மேல் தரும் வாடிக்கையாளர்கள் இருந்தால், செக்மென்ட் குறிப்பில் சொல்லணும். பெயர் இருக்காது, தொகை இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து பாதிக்கு மேல் என்றால் ஜாக்கிரதை.

3. ரொக்க ஓட்டம். ஐந்து வருஷ மொத்த லாபத்தையும், ஐந்து வருஷ செயல்பாட்டு ரொக்க வரவையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. லாபம் 300 கோடி, ரொக்கம் 40 கோடி என்றால், அந்த லாபம் இன்னும் கிடங்கிலும் பாக்கியிலும்தான் தூங்குது.

4. பாக்கி எத்தனை நாள் பழசு. வரவேண்டிய பாக்கியை ஆறு மாசத்துக்குள், ஒரு வருஷத்துக்குள், அதுக்கு மேல் என்று பிரித்துக் காட்டும் அட்டவணை இருக்கும். பழைய பாக்கி ஏறினால் நல்ல அறிகுறி இல்லை.

5. எந்தத் துறைக்குத் தயாரிக்கிறார்கள். போன், டிவி போன்றவை சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும், லாபமும் கம்மி. ரயில்வே, மருத்துவக் கருவி, பாதுகாப்பு போன்றவை மெதுவாக நகரும், லாபம் கொஞ்சம் அதிகம், ஆனா பாக்கி வர நாளாகும். இரண்டுக்கும் ஒரே பி.இ. கொடுக்காதீங்க.

இந்த ஐந்தையும் பார்க்க ஒரு கம்பெனிக்கு ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாது என்றால், நேரடியாகப் பங்கு வாங்காதீங்க. பரவலான இன்டெக்ஸ் ஃபண்டே போதும்.

என் முடிவு

டெக் துறையில் வேலை பார்ப்பவர் என்றால், ஈஎம்எஸ் பங்குகள் எல்லாம் சேர்த்து உங்க மொத்தப் பங்கு முதலீட்டில் 5%-க்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. உங்க கம்பெனி கொடுத்த பங்குகளையும் சேர்த்தால் 15%-க்குள் நிறுத்துங்க. அதுக்கு முன்னாடி, இஎம்ஐ உட்பட குறைந்தது ஆறு மாசச் செலவு பேங்கில் தனியாக இருக்கணும். வீட்டில் நீங்க ஒருத்தர்தான் சம்பாதிக்கிறீங்க என்றால் ஒன்பது மாசம்.

"ஏற்கனவே 30% வாங்கி வச்சிருக்கேன், லாபத்துல இருக்கேன்" என்பவர்கள் ஒரே நாளில் விற்க வேண்டாம். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையிலான நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை. அதைப் பயன்படுத்தி, இந்த நிதியாண்டில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம் என்று குறைக்கலாம். நஷ்டத்தில் இருப்பவர்கள், "இன்னிக்கு என் கையில் ரொக்கம் இருந்தா இதே பங்கை இதே விலைக்கு வாங்குவேனா?" என்று கேளுங்க. இல்லை என்றால், வாங்கின விலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதில் அர்த்தம் இல்லை.

சறுக்கல் எப்போ வரும்னு என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனா வரும்போது எந்த பிசினஸ் முதலில் ஆடும் என்று 2001-ம் சொல்லியிருக்கு, 2023-ம் சொல்லியிருக்கு.

அடுத்த வீடியோவில் ஒரு ஆண்டறிக்கையைத் திறந்து வைத்து, மேலே சொன்ன ஐந்து இடங்களையும் பக்கம் பக்கமாகக் காட்டுறேன். அதுக்குள்ள நீங்க வச்சிருக்கிற பங்குகளில் ஒன்றுக்காவது அந்த ரொக்க ஓட்டக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

பின்குறிப்பு: நான் ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் இல்லை. இது என் தனிப்பட்ட கருத்து, எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் சிபாரிசு இல்லை. இங்கே குறிப்பிட்ட எந்தக் கம்பெனியின் பங்கும் என்னிடம் நேரடியாக இல்லை.